தலைமுறை தாண்டியும் சொத்து நிலைக்கும் குடும்பங்கள் என்ன செய்கின்றன?

கேள்வி: உச்சிப்புளி இளையவன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தாத்தா கொழும்பில் கடை வைத்துச் சம்பாதித்த பணத்தில் உச்சிப்புளியில் தென்னந்தோப்பு வாங்கினார். இராமநாதபுரம் நகரில் ஒரு கடைவரிசையும் கட்டினார். 1976-இல் உயில் எதுவும் எழுதாமல் காலமானார். அப்பா அந்தச் சொத்தைக் காப்பாற்றியதோடு, மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியும் தொடங்கினார். அவருக்கு வயது எழுபத்தெட்டு. அண்ணன், நான், தங்கை என நாங்கள் மூவர். அப்பாவுக்கு இரண்டு அக்காமார் இருக்கிறார்கள்.

என் மனத்தை உறுத்துவது இதுதான். தாத்தாவோடு கொழும்பில் அதே தொழிலை, ஏறத்தாழ அதே முதலோடு நடத்திய அவருடைய தம்பியின் பேரப்பிள்ளைகள் இன்று வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அவர்களில் குடிகாரரோ சூதாடியோ யாரும் இல்லை. சொத்து பாகம் பிரிந்து, பாகம் மறுபடி பிரிந்து, ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு துண்டு விற்று, கரைந்துவிட்டது. இன்னொரு பக்கம், நான்கைந்து தலைமுறையாக நிற்கும் குடும்பங்களையும் நம் கடற்கரையிலேயே காண்கிறோம்.

அப்பாவிடம் கேட்டால், "முப்பது வருஷம் வாழ்ந்தவரும் இல்லை, முப்பது வருஷம் தாழ்ந்தவரும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் பேச்சை முடித்துக்கொள்கிறார். அண்ணன், வெளிநாட்டுப் பணக்காரர்களைப் போல எல்லாவற்றையும் ஒரு டிரஸ்டில் போட்டுவிடலாம் என்கிறார். பெரும் செல்வக் குடும்பங்கள் உண்மையில் செய்வது என்ன, அதில் எங்களைப் போன்ற நடுத்தர வசதியுள்ள குடும்பத்துக்குப் பொருந்துவது எது என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: ஆவண எழுத்தர், இராமநாதபுரம்

ஐயா, தாங்கள் குறிப்பிட்ட வேறொரு செய்தியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது: தாத்தா 1976-இல் உயில் இல்லாமல் காலமானார் என்பதும், அப்பாவுக்கு இரண்டு அக்காமார் உண்டு என்பதும். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தாத்தா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய சொத்து அவருடைய மனைவி, மகன், மகள்கள் அனைவருக்கும் சம பங்காக அன்றைக்கே இறங்கிவிட்டது. பிற்காலத்தில் வந்த திருத்தங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தமிழ்நாட்டின் 1989-ஆம் ஆண்டுத் திருத்தமும், மத்திய அரசின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தமும் கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தந்தவை. தகப்பனாரின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்குரிய பங்கு 1956 முதலே இருக்கிறது. ஆகவே தங்கள் அத்தைமார் தம் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்திருந்தாலொழிய, தோப்பிலும் கடைவரிசையிலும் அவர்களுடைய பங்கு இன்றும் உயிரோடு இருக்கிறது.

பட்டா அப்பா பெயரில் மட்டும் இருக்கிறது என்று நீங்கள் சொல்லக்கூடும். பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அதைக் கொண்டு மட்டும் உரிமை மூலத்தை நிறுவ முடியாது. இந்த மாவட்டத்தில் நான் பார்க்கும் பாகத் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த ஓர் இடத்தில்தான் வேர் விடுகின்றன. அக்கா தம்பி உறவு நன்றாக இருக்கும் காலத்தில் கையெழுத்தைக் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். அத்தை காலமான பின், சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் அவருடைய பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைத் தேடிப் பிடிக்க வேண்டியதாகிறது.

இன்னொரு பரவலான எண்ணத்தையும் இங்கே தெளிவுபடுத்துகிறேன். தாத்தா சொத்தில் பேரனுக்குப் பிறந்தவுடனே உரிமை உண்டு என்று ஊரில் பலரும் சொல்வார்கள். தாத்தா சுயமாகச் சம்பாதித்து, 1956-க்குப் பிறகு உயிலின்றி இறந்து, அதன் வழியாகத் தகப்பனாருக்கு வந்த பங்கு, தகப்பனாரின் தனிச் சொத்து என்பதை உச்ச நீதிமன்றம் 1986-ஆம் ஆண்டு சந்தர் சென் வழக்கில் தீர்மானித்துவிட்டது. அப்பா தம் பங்கை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், உயிரோடு இருக்கும்போதே செட்டில்மெண்ட் பத்திரமாகவும் எழுதிக் கொடுக்கலாம் என்பதே இதன் பொருள். இது அவருக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி. அதை அவர் கைகால் திடமாக இருக்கும்போதே பயன்படுத்த வேண்டும்.

டிரஸ்ட் பற்றி: சொத்தைப் பொறுப்பாளர் பெயரில் வைத்து, அதன் பயனைக் குடும்பத்தாருக்குச் சேர்க்கும் ஏற்பாடு அது. வெளிநாடுகளில் செல்வக் குடும்பங்கள் அதை நாடுவதற்கு முக்கியக் காரணம் இறப்பு வரி. பிரிட்டனில் 3,25,000 பவுண்டுக்கு மேற்பட்ட சொத்துக்கு 40 சதவீதம், ஜப்பானில் உச்ச வீதம் 55 சதவீதம். அமெரிக்காவில் எண்ணெய்த் தொழில் செல்வந்தர் குடும்பத்தின் இளைய ராக்ஃபெல்லர் 1934-இல் மனைவிக்கும் பிள்ளைகளுக்குமாக டிரஸ்டுகளை ஏற்படுத்திய காலத்தில் அங்கே அந்த வரி ஏறிக்கொண்டிருந்தது. இந்தியாவில் 1953-இல் வந்த எஸ்டேட் வரி எனும் இறப்பு வரி, உச்சத்தில் 85 சதவீதம் வரை போய், 1985-இல் ஒழிக்கப்பட்டது. செல்வ வரியும் 2015-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தோடு நீங்கியது. இல்லாத வரிக்குப் பயந்து இங்கே யாரும் டிரஸ்ட் எழுத வேண்டியதில்லை. மேலும், தனியார் டிரஸ்டைக் காலகாலத்துக்கும் பூட்டிவைக்க முடியாது: இன்று உயிருடன் இருக்கும் ஒருவரின் ஆயுள், அதன்பின் ஒரு குழந்தை பதினெட்டு வயதை எட்டும் காலம், இவற்றுக்கு அப்பால் சொத்துரிமை எவருக்கும் சேராமல் தள்ளிப்போவதைச் சொத்து மாற்றுச் சட்டம் அனுமதிப்பதில்லை. மனவளர்ச்சி குன்றிய பிள்ளை, சிறு வயது வாரிசு, கடனில் சிக்கக்கூடிய மகன் போன்ற நிலைகளில் டிரஸ்ட் நல்ல கருவி. தங்கள் வீட்டில் அப்படி யாரும் இருப்பதாக நீங்கள் குறிப்பிடவில்லை.

செட்டில்மெண்டும் உயிலும் வேறு வேறு வேலை செய்பவை. செட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்து பெற்றவர் ஏற்றுக்கொண்டால் உரிமை அப்போதே கை மாறிவிடும். நினைத்தபோது ரத்து செய்ய இயலாது. ஆகவே அப்பா தமக்கும் அம்மாவுக்கும் ஆயுட்கால அனுபவ உரிமையை நிறுத்திக்கொண்டு எழுதுவதே பாதுகாப்பு. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதினால், பிள்ளைகள் தவறும்போது 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தின்கீழ் அதைச் செல்லாததாக்கக் கோரலாம். குடும்பத்தினருக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு 2023 ஜூலை முதல் முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய். நாளைய வழக்குச் செலவோடு ஒப்பிட்டால் இது ஒரு செலவே அல்ல.

பதில்: கீழக்கரை வணிகர்

சகோதரருக்கு ஸலாம். ஆவண எழுத்தர் ஐயா சொன்ன சட்டம் எங்களுக்குப் பொருந்தாது. எங்கள் வாரிசுரிமை ஷரீஅத் வழியே நடக்கிறது. ஆனால் உங்கள் கேள்விக்கு எங்கள் ஊரின் நடைமுறை பயன்படும் என்று எண்ணி எழுதுகிறேன்.

எங்கள் சட்டத்தில் சொத்து வேகமாகப் பிரியும். ஒருவர் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், பெற்றோர் உயிருடன் இருந்தால் அவர்கள் எனப் பலருக்கும் வரையறுத்த பங்கு உண்டு. மகனுக்கு மகளைப் போல இரு மடங்கு. வாரிசல்லாதவருக்கு உயில் எழுதுவதாக இருந்தாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத இயலாது. வாரிசுகளில் ஒருவருக்கு மட்டும் உயில் மூலம் கூடுதலாகக் கொடுக்க மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். உயிரோடு இருக்கும்போது ஹிபா, அதாவது அன்பளிப்பு, கொடுக்கலாம். ஆனால் சொத்தைக் கையில் ஒப்படைத்தால்தான் அது செல்லும். மூத்தவனிடம் மொத்தத்தையும் கொடுத்து வைப்பது என்ற வழியே எங்களுக்கு மார்க்கத்தில் திறக்கப்படவில்லை. அப்படியிருந்தும் சங்கும் முத்தும் விற்ற காலம் தொட்டு, சீதக்காதி வாழ்ந்த பதினேழாம் நூற்றாண்டு தொட்டு, இந்த ஊரில் செல்வம் இருந்துகொண்டே இருக்கிறது. ஒரே குடும்பத்தில் தொடர்ந்து இருந்ததா என்றால் எல்லா இடத்திலும் இல்லை; ஆனால் குடும்பங்களின் கூட்டத்துக்குள் அது சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது.

அதற்குக் காரணங்களாக நான் காண்பவை இவை. வீடு மகளுக்குப் போகிறது. கல்யாணத்தின்போது பெண்ணுக்கு வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்வதும் எங்கள் ஊர் வழக்கம். பெண் மக்களின் தகப்பனாருக்கு இது பெரும் சுமை என்பதையும், அந்த வழக்கத்தால் கடனாளியானவர்கள் உண்டு என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் அதன் விளைவு ஒன்று இருக்கிறது: ஆண்கள் கொழும்பிலோ ஹாங்காங்கிலோ துபாயிலோ தொழிலில் விழுந்தாலும், குடியிருக்கும் வீடு கடன்காரர் கைக்குப் போவதில்லை. தொழிலின் ஆபத்தும் வீட்டின் பாதுகாப்பும் வேறு வேறு கைகளில் இருக்கின்றன. பெரிய நிறுவனங்களின் குடும்பங்கள் வக்கீல் வைத்து எழுதிச் செய்யும் ஏற்பாட்டை எங்கள் பாட்டிமார் வழக்கத்தாலேயே செய்துவிட்டார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு மதிப்பு கூடுகிறது.

அடுத்தது தொழில் பழக்கம். பையன் படித்து முடித்ததும் வாப்பாவின் கல்லாவில் உட்கார வைப்பதில்லை. மாமா கடையிலோ, தெரிந்த வியாபாரியின் கடையிலோ சம்பளத்துக்கு விடுவார்கள். இரத்தினக் கல் வியாபாரமாக இருந்தால், ஒரு பொட்டலத்தைப் பிரித்து வெள்ளைக் காகிதத்தில் பரப்பி, வடக்கு வெளிச்சத்தில் நிறம் பார்த்து, இது இன்ன விலைக்கு மேல் போகாது என்று சொல்லும் தைரியம் வரும்வரை அவன் முதலாளி ஆக முடியாது. அந்தப் பார்வையைப் பாகம் பிரிக்க முடியாது. எத்தனை பிள்ளைகளுக்கு வேண்டுமானாலும் முழுமையாகக் கொடுக்கலாம்.

மூன்றாவது, சொத்தை விற்க முடியாதபடி அறத்துக்கென ஒதுக்கிவைக்கும் வக்ஃபு. குடும்பத்துக்கென எழுதும் வக்ஃபு செல்லாது என்று 1894-இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. முஸ்லிம்களிடையே எழுந்த எதிர்ப்பின் பயனாக 1913-இல் வந்த சட்டம், இறுதிப் பயன் ஏழைகளுக்கோ மார்க்கப் பணிக்கோ சேருமானால் அது செல்லும் என்றாக்கியது. 2025-ஆம் ஆண்டின் திருத்தம், அத்தகைய வக்ஃபு பெண்கள் உள்ளிட்ட வாரிசுகளின் உரிமையைப் பறிக்கக் கூடாது என்கிறது. எங்கள் ஊர்ச் செல்வந்தர்கள் கல்வி அறக்கட்டளைகளிலும் பணம் போட்டார்கள். 1988-இல் இங்கே பெண்களுக்கென ஒரு கல்லூரி வந்ததில் யாருக்கு லாபம் என்று கேட்டால், ஊரின் எல்லா வீட்டுக்கும் என்றுதான் சொல்வேன். கணக்குப் பார்க்கத் தெரிந்த உம்மா இருக்கும் வீட்டில் சொத்து எளிதில் அழிவதில்லை.

பதில்: சேதுக்கரை வாசகன்

பிரிக்காமல் வைத்திருந்தால் சொத்து நிலைக்கும் என்ற நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க நம் மாவட்டத்துக்கு வெளியே போகவே வேண்டாம். இராமநாதபுரம் ஜமீன் 1803-இல் நிரந்தர நிலவரி ஏற்பாட்டின்கீழ் வந்தபோது, அது பாகம் பிரிக்க முடியாத சொத்து. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு முழுமையாக இறங்கும். அந்த ஒருவர் யார் என்பதே வழக்குகளுக்கு இடமாகிவிட்டது. கணவரின் முன்அனுமதி இல்லாத விதவை, அவருடைய பங்காளிகளின் சம்மதத்தோடு தத்து எடுக்கலாமா என்ற கேள்வி இந்த ஜமீனிலிருந்து லண்டன் வரை போய், 1868-இல் எடுக்கலாம் என்று தீர்ந்தது. அந்தத் தீர்ப்பு இந்துச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் ஒன்று. பின்பு பாஸ்கர சேதுபதி 1889-இல் பொறுப்பேற்றார். விவேகானந்தரை ஆதரித்தவர், கோயில்களுக்கும் புலவர்களுக்கும் அள்ளிக் கொடுத்தவர். அவருடைய கொடையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவருடைய கடன் முழு ஜமீனையும் அழுத்தியது என்பதும் வரலாறு. ஒரே கையில் இருந்ததால் ஒரே கையின் கடனில் எல்லாம் சிக்கிக்கொண்டது. எஞ்சியதை 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் அரசிடம் சேர்த்தது.

அமெரிக்காவில் இரயில் தொழிலில் செல்வம் சேர்த்த வாண்டர்பில்ட் குடும்பமும் இப்படித்தான். மூத்தவர் 1877-இல் இறந்தபோது விட்டுச்சென்ற ஏறத்தாழ 10 கோடி டாலரில் பெரும்பகுதி ஒரே மகனுக்குப் போயிற்று. அவர் எட்டு ஆண்டுகளில் அதை இரட்டிப்பாக்கினார். அடுத்த தலைமுறைகள் அரண்மனைகளாகக் கட்டித் தீர்த்தன. இதற்கு மாறாக, டாடா குழுமத்தின் தலைமை நிறுவனத்தில் ஏறத்தாழ 66 சதவீதப் பங்கு அறக்கட்டளைகளிடம் இருக்கிறது. தொழில் சிதறவில்லை, ஆனால் அந்தச் செல்வம் இன்று குடும்பத்தின் சொத்தும் அல்ல. எதை நிலைக்க வைக்க விரும்புகிறோம் என்பதைக் குடும்பம் முதலில் தனக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான்.

மூன்றாம் தலைமுறையில் எல்லாம் போய்விடும் என்று பேச்சாளர்கள் புள்ளிவிவரத்தோடு சொல்வதை நம்பிக் கலங்க வேண்டாம். அதற்கு அதிகம் மேற்கோள் காட்டப்படுவது அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத் தொழிற்சாலைகளைப் பற்றி 1987-இல் வெளியான ஓர் ஆய்வு. அது கணக்கெடுத்தது நிறுவனம் அதே குடும்பத்திடம் நீடித்ததா என்பதை மட்டுமே. நல்ல விலைக்கு விற்றுவிட்டு வசதியாக வாழ்ந்த குடும்பமும் அதில் நீடிக்காததாகவே எண்ணப்படும். மறுபுறம், இத்தாலிய மத்திய வங்கியின் பொருளியலாளர் இருவர் புளோரன்ஸ் நகரின் 1427-ஆம் ஆண்டு வரிப்பட்டியலையும் 2011-ஆம் ஆண்டுப் பட்டியலையும் குடும்பப் பெயர் வாரியாக ஒப்பிட்டபோது, அன்று மேலே இருந்த பெயர்கள் இன்றும் மேலேயே இருக்கும் போக்கைக் கண்டார்கள். அறுநூறு ஆண்டு! படிப்பும் உறவும் பழக்கமும் நிலத்தைவிட நெடுங்காலம் நிற்கின்றன என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன்.

நம் கரைக்கு இன்னொரு பாடம் உண்டு. அன்று இராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்த காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து நகரத்தார் பர்மாவில் வட்டிக்குக் கடன் கொடுத்துவந்தார்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல் நிலமாக வந்து சேர, கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு உரிமையாளர்கள் ஆனார்கள். ஜப்பானியப் படையெடுப்பும் 1948-ஆம் ஆண்டின் நிலத் தேசியமயச் சட்டமும் அதை விழுங்கின. அதற்கு முன்பே முதலை இந்தியாவுக்குத் திருப்பிய முருகப்பா குடும்பம் இங்கே சைக்கிள் தொழிற்சாலை கட்டி வளர்ந்தது. தனுஷ்கோடியில் கடையும் கிடங்கும் வைத்திருந்தவர்களுக்கு 1964 டிசம்பர் புயல் எச்சரிக்கை கூடத் தரவில்லை. தங்களுடைய தோப்பு, கடைவரிசை, ஐஸ் கம்பெனி ஆகிய மூன்றும் ஒரே கடற்கரையில், ஒரே மாவட்டத்தின் வரும்படியை நம்பி நிற்கின்றன. மீன்பிடித் தடைக்காலம் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். இலங்கைக் கடல் எல்லைத் தாண்டல் பிரச்சினையில் படகுகள் நிற்கும் நாட்கள் வேறு. படகு போகாத நாளில் ஐஸுக்கு ஏது விற்பனை? கம்பெனியின் லாபத்தில் ஒரு பகுதியையாவது இந்தக் கரையோடு தொடர்பில்லாத முதலீட்டில் வைப்பது அவசியம்.

பதில்: இராமேசுவரம் தாயார்

தம்பி, ஆண்கள் எல்லோரும் பெரிய பெரிய செய்திகளைச் சொல்லிவிட்டார்கள். நான் சிறியது ஒன்றைச் சொல்கிறேன். என் கணவர் திடீரென்று காலமானபோது எங்களுக்கு எங்கே என்ன இருக்கிறது என்றே தெரியாது. வங்கிக் கணக்கில் என் கொழுந்தனார் பெயர் நியமனதாரராக இருந்தது, கல்யாணத்துக்கு முன் போட்டது. நியமனதாரர் பணத்தை வாங்கி உரியவர்களிடம் சேர்க்க வேண்டியவரே தவிர உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்பதை நான் அப்போதுதான் கேட்டு அறிந்தேன். கொழுந்தனார் நல்லவர், முழுவதையும் கொடுத்தார். எல்லா வீட்டிலும் அப்படி அமைவதில்லை. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம் என்று வந்திருக்கிறது. அப்பாவின் கணக்குகள் எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் தை மாதம் பிறந்ததும் பிள்ளைகளையும் மருமக்களையும் உட்கார வைத்து ஒரு நீள நோட்டைத் திறக்கிறேன். இடது பக்கம் பத்திர எண், சர்வே எண், யாரிடம் வாடகை, எந்த வங்கியில் நகை. வலது பக்கம் அந்த ஆண்டு வந்தது, போனது, கொடுக்க வேண்டியது. கடனையும் எழுதுகிறேன். முதல் ஆண்டு மருமகள் கேட்டாள், "அத்தை, இதையெல்லாம் எனக்கு எதற்குக் காட்டுகிறீர்கள்?" என்று. இரண்டாம் ஆண்டு, ஒரு கடை வாடகை மூன்று மாதமாக வராததை அவள்தான் கண்டுபிடித்தாள்.

உங்கள் சின்னத் தாத்தா குடும்பம் கல்யாணத்துக்குக் கல்யாணம் துண்டு விற்றது என்று எழுதியிருக்கிறீர்கள். காய் விற்ற பணத்தில் கல்யாணம் செய்யலாம். மரத்தை விற்றுச் செய்யக் கூடாது. இதைத் தகப்பனார் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். அப்பாவைப் பேச வையுங்கள். தங்கையையும் அந்தப் பேச்சில் உட்கார வையுங்கள். கட்டிக்கொடுத்த பெண் என்று வெளியே நிறுத்தாதீர்கள்.

மறுமொழி: உச்சிப்புளி இளையவன்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அத்தைமார் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை என்பதை அப்பாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அவர்களுடைய பங்கைக் கொடுத்துவிட வேண்டும் என்பதில் எனக்கும் தங்கைக்கும் மாற்றுக் கருத்து இல்லை, அண்ணன் யோசிக்கிறார். ஆவண எழுத்தர் ஐயாவுக்கு ஒரு கேள்வி: தோப்பையும் கடையையும் பிரித்துவிடலாம், ஐஸ் கம்பெனியை எப்படி மூன்றாகப் பிரிப்பது? அண்ணன்தான் அதை நடத்துகிறார்.

பதில்: ஆவண எழுத்தர், இராமநாதபுரம்

கட்டடத்தையும் இயந்திரத்தையும் பிரிக்க வேண்டாம்; அவற்றை வைத்திருக்கும் நிறுவனத்தின் பங்கைப் பிரியுங்கள். இப்போது அப்பாவின் தனி உரிமைத் தொழிலாக இருப்பதை, எல்.எல்.பி. எனப்படும் வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மையாகவோ தனியார் கம்பெனியாகவோ மாற்றலாம். மாற்றும்போது வரும் வரி விவரத்தை ஓர் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நடத்துகிற அண்ணனுக்கு நடத்துவதற்கான சம்பளம் தனி, மூவருக்கும் லாபப் பங்கு தனி என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இவ்விரண்டையும் கலந்துவிடுவதால்தான் உழைக்கும் அண்ணனுக்கு மனக்குறையும், உழைக்காத தம்பிக்குச் சந்தேகமும் வருகின்றன. ஒருவர் தம் பங்கை விற்க விரும்பினால் மற்ற இருவரிடம் முதலில் கேட்க வேண்டும், விலையை வெளி மதிப்பீட்டாளர் நிர்ணயிக்க வேண்டும், பணத்தைத் தவணையில் கொடுக்கலாம் என்ற மூன்று ஷரத்துகளையும் விடாதீர்கள். அண்ணன் கம்பெனிக்காகக் கடன் வாங்கினால் குடியிருக்கும் வீட்டை ஈடு வைக்கக் கூடாது என்ற ஷரத்தையும் சேர்க்கலாம். கீழக்கரை நண்பர் சொன்னதன் பயன் அதில் இருக்கிறது.

அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அத்தைமாரின் பங்கு. தோப்புக்கும் கடைவரிசைக்கும் தாத்தா காலத்து மூலப் பத்திரங்களையும், 1975 முதல் இன்றுவரை சொத்தின் மீது பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றையும், தாத்தாவின் வாரிசுச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள். அண்ணன் யோசிக்கிறார் என்றீர்கள். அவரையும் கூட்டிக்கொண்டு, அப்பாவே நேரில் அத்தைமார் வீட்டுக்குப் போய்ப் பேசட்டும். பங்கைப் பணமாக வாங்கிக்கொண்டு விடுதலை எழுதுவதா, தோப்பில் தங்கள் பகுதியைப் பாகப்பிரிவினையில் பெற்றுக்கொள்வதா என்பது அவர்கள் இருவரின் விருப்பம். அந்தப் பத்திரம் பதிவான பிறகு அப்பாவின் செட்டில்மெண்டை எழுதுவதே நல்லது.